அரை மாத்திரையின் மூன்று பதிவுகள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டியின் இருமல் நின்றதா?

ஞாயிற்றுக்கிழமை போன் இனி வேண்டாம் என்று நான் செய்தி அனுப்பியதில் உனக்கு வருத்தம் இருக்கும். நீ பேசுவது எனக்குப் பாதிதான் விழுகிறது. மீதியை நானே இட்டுக்கட்டிக்கொண்டு "ம், ம்" என்கிறேன். போன மாதம் நீ ஏதோ கஷ்டம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சிரித்துவிட்டேன் போல. உன் குரல் நின்ற பிறகுதான் தெரிந்தது. செல்போனில் ரெண்டு வரி தட்டினால் நீயும் ரெண்டு வரிதான் தட்டுவாய். பேனாவை எடுத்தால் நாலு பக்கம் எழுதுகிறவன் நீ. அதனால்தான் கடிதம்.

மருந்துக்கடையில் நிலைமை சொல்கிறேன். என் முன்னால் ஒரு கண்ணாடி, அதில் ஒரு ஓட்டை. வருகிறவர்கள் ஓட்டையை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்துப் பேசுகிறார்கள். சீட்டு இருந்தால் பிழைத்தேன். சீட்டு இல்லாமல் வாயால் கேட்டால் உதட்டைப் பார்த்து ஊகிக்கிறேன், பிறகு அட்டையை எடுத்துக் காட்டி "இதுதானே?" என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருஷமாக இப்படித்தான். முதலாளிக்குத் தெரியாது.

டாக்டர் சொல்லிவிட்டார், காதுக்கு வெளியே மாட்டும் மெஷின் இனி உதவாது, உள்ளே கருவி வைக்க அறுவை செய்ய வேண்டும் என்று. ஏப்ரல் 20 எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வருகிறேனா இல்லையா என்று மார்ச் 31க்குள் சொல்ல வேண்டும். வைத்த பிறகு இப்போது கொஞ்சநஞ்சம் கேட்பதும் போய்விடலாமாம். அங்கேதான் எனக்கு உதறுகிறது.

காது விஷயம் உனக்கு அத்துப்படி. ஆனாலும் உன்னைக் கேட்க மாட்டேன். நீ எனக்கு நல்லதாகத்தான் சொல்வாய். வைத்துக்கொண்டவர்கள், என்னை யாரென்று தெரியாதவர்கள், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அப்படி யாராவது இருக்கிறார்களா?

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். குட்டிக்கு இருமல் போய்விட்டது. ஆனால் இருமினால் பள்ளிக்கு லீவு என்று கண்டுபிடித்துவிட்டாள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு நான் சொன்னது பெரிய கஷ்டமும் இல்லை, பட்டறையில் ஒரு தகராறு. அதோடு போயிற்று. இப்போதும் அதே வேலைதான். வருகிறவர்களின் காதில் பசையை நிரப்பி, இறுகியதும் உருவி, அதை வைத்து அச்சு வார்க்கிறேன். வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம். ஒரு நாளைக்கு இருபது காது.

நீ கேட்ட மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். காது மெஷின்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது, நாலாயிரம் பேர். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதை மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம்: ஒரு மின்பொறியாளர், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், நான். அங்கே என் பெயர் 'அச்சு'. நீயும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள். என்னிடம் சொல்லாதே. நானும் தேட மாட்டேன், சத்தியம்.

அங்கே எங்கள் பெரிய தலைவலி, அதிசய மருந்து விற்கிறவர்கள். பத்து நாளில் செவி திறக்கும் தைலம் என்று இணைப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கிறோம். அதில் உள்ள தளத்தின் இணைப்போடு யார் எழுதினாலும் அந்தப் பதிவு மூழ்கிவிடும். எழுதினவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. தடுத்துவிட்டோம் என்று சொல்லவும் மாட்டோம். சொன்னால் அடுத்த நிமிஷம் வேறு முகவரியில் வருவான். தன் சரக்கு கடையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். போன வாரம்கூட ஒரு தைலக்காரன் இலவசப் பக்கம் தருகிற ஒரு தளத்தில் நாற்பது பக்கம் கட்டி நாற்பது பதிவு போட்டான். ஒவ்வொன்றாக யார் உட்கார்ந்து தடுப்பது? தளத்தையே மொத்தமாகப் பட்டியலில் போட்டேன். ஒரே வரி, ஆள் காலி.

நீ தைரியமாகப் போய்க் கேள். நல்ல மனிதர்கள்.

உன் தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானுக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி வீட்டு ரகசியம் முழுக்கத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா என்னிடம் அறுவை எப்போது என்று எழுதிக் காட்டிக் கேட்கிறார்.

மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். கேட்க வேண்டியதை ஒரு வாரம் யோசித்து எழுதினேன். நான் யார், என்ன வேலை, எது எவ்வளவு கேட்கிறது, எதற்குப் பயப்படுகிறேன், எல்லாம். என் காதுப் பரிசோதனைப் படங்கள் பெரிதாக இருந்ததால் அங்கே ஏறவில்லை. கடையில் கேஷியர் பெண் இதில் கெட்டி. "ஓசில பக்கம் கட்டிக்கலாம் அக்கா, அஞ்சு நிமிஷம்" என்று படங்களையெல்லாம் ஒரு பக்கத்தில் அடுக்கிக் கொடுத்தாள். அந்த இணைப்பைப் பதிவில் போட்டிருக்கிறேன்.

நாலு நாள் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. எல்லோருக்கும் வேலை இருக்கும். நீ எட்டிப் பார்த்துவிடாதே, சத்தியம் செய்திருக்கிறாய்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். இங்கே யாவரும் சுகம்.

பதில் வரும். வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் தினமும் வருவதில்லை. நீண்ட கேள்விக்கு உட்கார்ந்து எழுத நேரம் பார்ப்பார்கள். இன்னொரு முறை சுருக்கமாகப் போட்டுப் பார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

பட்டறையில் தலைக்கு மேல் வேலை. மீண்டும் எழுதுகிறேன்.

உன் தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடி சுருக்கமாக ஒன்று போட்டேன். அதற்கும் பதில் இல்லை. போன வாரம் மூன்றாவதாக நாலே வரியில் போட்டேன். மூன்றிலும் அந்தப் படங்களின் இணைப்பை மறக்காமல் வைத்தேன், சும்மா பொழுதுபோக்குக்குக் கேட்கிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாதே. ஒருவர் பேட்டரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார், அவருக்குப் பதினாலு பதில். என் கேள்வி அவருடையதற்குக் கீழேயே இருக்கிறது. நான் தினமும் பார்க்கிறேன்.

நான் எழுதினதில் ஏதாவது தப்பா? புலம்புகிற மாதிரி இருக்கிறதா? கேஷியர் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன், "நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றாள். அவள் வேறு என்ன சொல்வாள். ஒருவேளை வைத்துக்கொண்டவர்களுக்கு நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதனால்தான் வாயைத் திறக்காமல் போகிறார்களோ என்று தோன்றுகிறது. நாங்கள் கடையில் செய்வதும் அதுதானே. பலன் தராத மருந்தைப் பற்றிக் கேட்டால் சீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்போம்.

31க்கு இன்னும் பதினேழு நாள்.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி? அத்தானின் தொண்டை சரியாயிற்றா? கடையில் மின்விசிறி மாற்றுவதாகச் சொன்னார்களே, மாற்றினார்களா? குட்டி உன்னைக் கேட்டாள்.

நீ எழுதினதில் தப்பு எதுவும் இருக்காது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராதே. இன்னும் சில நாள் பார். பதில் வரும் என்று என் மனசு சொல்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் நலம். மின்விசிறி மாற்றவில்லை. இங்கேயும் வெயில்தான். நீ இத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

பதில் வரும் என்று எழுதியிருந்தாய். உன்னை நம்பி 26ஆம் தேதியிலிருந்து காலை, மதியம், மாலை மூன்று வேளையும், மருந்து சாப்பிடுகிற மாதிரி பார்த்தேன். 31ஆம் தேதி மதியம் வரை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த பெண் ரெண்டு தடவை எழுதிக் காட்டினாள்: "நிச்சயமா?" நான் தலையாட்டினேன். என் ஏப்ரல் 20 வேறு யாருக்கோ போயாயிற்று. மறுபடி வேண்டுமென்றால் ஏழெட்டு மாதம் ஆகுமாம்.

முதலாளியிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ஊகித்து மருந்து கொடுத்து, என்றைக்காவது ஒரு நாள் ஊகம் தப்பிவிட்டால்? அவர் திட்டவில்லை. பின்னறைக்கு மாற்றிவிட்டார். பெட்டி பிரிக்கிறேன், காலாவதித் தேதி பார்க்கிறேன். ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் ஆட்களைப் பார்த்துக் கொடுத்த கை, இப்போது அட்டைப்பெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறது. அழுகை வந்தது, அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

உன் மன்றத்தில் இனி நுழையமாட்டேன். நாலாயிரம் பேர் என்றாய். ஒருவருக்கும் ஒரு வரி எழுத மனசு வரவில்லை.

உன் அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து ஐந்து வாரமாக எழுதவில்லை. காரணம் வேலை இல்லை. அப்படி எழுத நினைத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மன்றத்தில் ஒரு சண்டை நடக்கிறது. தடைப்பட்டியலை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியே வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். எந்தத் தளம், யார் சேர்த்தது, எந்த நாள், என்ன காரணம், நாலும். யாருடைய பதிவாவது தடுக்கப்பட்டால் அவருக்கு உடனே சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். நர்ஸ் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் கணினியில் முகம் பார்த்துப் பேசினோம். "லிஸ்ட்ட வெளிய வெச்சா நாளைக்கே அவனுங்க வேற அட்ரஸ்ல வந்து நிப்பானுங்க. பூட்டையும் போட்டு சாவியையும் பக்கத்துலயே மாட்டற கதையா இருக்கு" என்றார்.

நான் சொன்னேன்: "வந்தா வரட்டும்மா, திரும்ப தடுப்போம். விக்கிறவன் ரெண்டே நாள்ல இன்னொரு பேர்ல வந்து பாத்து தெரிஞ்சுக்கறான். நல்லவங்கதான் தெரியாம காத்துக்கிட்டு இருக்காங்க."

பொறியாளர் கேட்டார், "நாலு வருஷமா நீதான் மூடி வைக்கணும்னு சொன்ன. இப்ப என்ன திடீர்னு?" காரணத்தைச் சொன்னேன். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஜூன் முதல் தேதி வெளியிடுகிறோம்.

அந்தக் காரணத்தை உனக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜூன் 6

அன்புள்ள நெறியாளர் அவர்களுக்கு,

நான் நலம். தாங்கள் நலமா?

ஒன்றாம் தேதி எனக்கு மன்றத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. "அன்புள்ள உறுப்பினரே" என்று ஆரம்பம். பொதுவான ஒரு தடையினால் என் மூன்று பதிவுகளும் யாருக்கும் தெரியாமல் மூழ்கியிருந்தனவாம், வருந்துகிறார்களாம், அவற்றை மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். கீழே கையெழுத்து: அச்சு. பிறந்ததிலிருந்து உனக்கு நான் அக்கா. ஒன்றாம் தேதியிலிருந்து உறுப்பினர்.

பின்னறையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து உங்கள் பட்டியலை முதலிலிருந்து படித்தேன். முந்நூற்று நாற்பது வரி. தைலம், தைலம், யந்திரத் தாயத்து, தைலம். நூற்றுப் பதினெட்டாவது வரியில் என் கேஷியர் பெண் பக்கம் கட்டிக் கொடுத்த தளம். சேர்த்தவர்: அச்சு. நாள்: ஜனவரி 13. காரணம் என்ற இடத்தில் நீ எழுதியிருப்பது இது: "அவசரம். ஒரு ஆளுக்காக முழுக் கட்டடத்தையும் பூட்டினேன். அறுபத்தொரு பேரின் பதிவுகள் மூழ்கின. அவர்களில் ஒருவர் மார்ச் 31க்குள் பதில் கேட்டிருந்தார். தடை நீக்கப்பட்டது: மார்ச் 20."

மார்ச் 20 என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு மறுநாள்தான் எனக்கு வெயிலைப் பற்றியும் மின்விசிறியைப் பற்றியும் கடிதம் எழுதினாய்.

நர்ஸ் அம்மாவுக்குச் சொன்னாய். பொறியாளருக்குச் சொன்னாய். நாலாயிரம் பேருக்குப் பட்டியல் போட்டுச் சொன்னாய். அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் தடை போட்டதில் இல்லை. கடையில் நானும் கை தவறி எடுத்திருக்கிறேன். கோபம் அந்தக் கடிதத்தில்தான்.

இப்படிக்கு,
அரை மாத்திரை, உறுப்பினர்


ஜூன் 15

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

உன் மார்ச் 14 கடிதத்தில் "மூன்றிலும் அந்தப் படங்களின் இணைப்பை மறக்காமல் வைத்தேன்" என்று படித்ததும் நான் ஜனவரியில் பூட்டிய தளம் நினைவுக்கு வந்தது. சத்தியத்தை மீறி மூழ்கினவற்றைத் திறந்து பார்த்தேன். 'அரை மாத்திரை' என்ற பெயரைப் பார்த்ததுமே நீ என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது பதிவின் கடைசி வரி எனக்கு மனப்பாடம். "யாராவது ஒருவர், நல்லதோ கெட்டதோ, ஒரு வரி போதும்."

உடனே தடையை எடுத்தேன். உன் பதிவுகள் வெளியே வந்துவிட்டன, இனி பதில் வரும், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் வெளியே வந்தவை பழைய தேதியிலேயே போய் நின்றன, ஒன்பதாம் பக்கத்திலும் பதினேழாம் பக்கத்திலும். அங்கே யார் போகிறார்கள்? அது இரண்டு நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸ் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பத்துப் பேரை எழுத வைத்திருப்பார். அவரிடம் சொன்னால் என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு ஒரு செய்தி தட்டியிருந்தாலும் போதும். செல்போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அப்படியே 31 போய்விட்டது.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த பிறகு எழுத உட்காரும்போதெல்லாம் பின்னறையில் ஜன்னல் கிடையாது என்ற வரிதான் கண்ணில் நிற்கிறது. ஊருக்குச் சொல்வது சுலபமாக இருந்தது அக்கா. அங்கே என் பெயர் அச்சு. உனக்கு எழுதினால் தம்பி என்று கையெழுத்துப் போட வேண்டும்.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. உன் பதிவுக்குக் கீழே இப்போது பதில்கள் இருக்கின்றன. நான் ஒருவரையும் தூண்டவில்லை. அதை மட்டும் போய்ப் படி.

தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். குட்டி, உன் வீட்டுக்காரி எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். உன் கடிதத்துக்கு உடனே பதில் போடக் கூடாது என்று மூன்று வாரம் வேண்டுமென்றே வைத்திருந்தேன். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும்.

போய்ப் படித்தேன். இருபத்து மூன்று பேர். நான் நினைத்ததற்கு மேலேயே உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்ததும் போய்விட்டது, ஆறு மாதம் தினமும் அழுதேன், இப்போது பேரனோடு போனில் பேசுகிறேன் என்கிறார். ஒரு பெண், தன் புருஷன் குரல் இன்னும் பழையபடி இல்லை, ஆனால் மழை பழையபடி கேட்கிறது என்கிறார். ஒருவர் தனக்குச் சரிப்படவில்லை, கழற்றிவிட்டேன் என்கிறார். அவருக்குத்தான் முதலில் நன்றி எழுதினேன். மார்ச்சில் இது கையில் இருந்திருந்தால் சரி என்றே சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி பெயர் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி 11.

இன்னொன்று. உங்கள் பட்டியலைப் படித்த பிறகு நானும் ஒன்று எழுதி, கடை முன்னால் என் பழைய இடத்துக் கண்ணாடியில் ஒட்டினேன். "எனக்குக் காது சரியாகக் கேட்காது. தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள்." முதலாளி முகத்தைச் சுளித்தார், பிறகு மதியம் ரெண்டு மணி நேரம் மட்டும் உட்காரச் சொன்னார். யாரும் ஓடிப்போகவில்லை. ஒருவர் தன் மூலநோயை ரொம்ப நிம்மதியாக எழுதிக் காட்டினார். கத்திச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது நீ எழுதின மின்விசிறிக் கடிதம் மாதிரி ஆகிவிடும். தீரவில்லை. குறைந்திருக்கிறது.

கருவியை வைத்து ஒரு மாதம் கழித்துத்தான் இயக்குவார்களாம். ஆக மறுபடியும் மார்ச். இயக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டுமாம். அத்தான் தயாராகத்தான் இருக்கிறார், ஆனால் அவர் குரல் இயக்காமலே கேட்கிறது. நீ வா. மார்ச் 21 அன்று நீ எனக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு வா. என் முன்னால் உட்கார்ந்து அதைப் படி. முதல் நாள் எல்லாக் குரலும் தகரம் மாதிரிதான் கேட்குமாம், ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகலாமாம். பரவாயில்லை, கையெழுத்து வரைக்கும் விடாமல் படி.

உன் அக்கா